படத்தில் தெரியாத முறிவு

மே 8

ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் கேட்ச் பிடிக்கப் பின்னால் ஓடிய என் பெரிய பையன், வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்திருக்கிறான். கை கோணவில்லை, வீக்கமும் பெரிதாக இல்லை. ராத்திரி சோற்றைப் பிசைய முடியவில்லை என்ற பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அம்மா உடனே எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். "சுளுக்குதான்டா, ஒரு இழுப்பு இழுத்து உருவிவிட்டா சரியாயிரும்." "வேணாம் அப்பத்தா" என்று கையைத் தொடவிடவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

மே 9

அண்ணா நகரில் எலும்பு டாக்டர். கட்டைவிரலை விறைப்பாக நீட்டச் சொன்னார். மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு தசைநாண்கள் புடைத்து, நடுவே ஒரு சின்னக் குழி விழுந்தது. அதில் லேசாக அமுக்கினார். பையன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். கட்டைவிரலை மணிக்கட்டை நோக்கித் தள்ளியபோதும் வலி.

பல கோணங்களில் எக்ஸ்ரே எடுத்தும் ஒன்றுமில்லை. ஆனாலும் கட்டைவிரலையும் சேர்த்து, முழங்கைக்குக் கீழ்வரை மாவுக்கட்டு.

"படத்துல ஒண்ணுமில்லையே மேடம்?"

"இந்த இடத்துல வலிச்சா, படத்தை நம்பக் கூடாது சார்."

அந்தக் குழிக்கு அடியில் இருப்பது ஸ்கேஃபாய்டு, முந்திரிப் பருப்பு மாதிரி ஓர் எலும்பு. முறிந்தாலும் முதல் படத்தில் பல நேரம் தெரியாது. ரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருவதால், நடுவில் முறிந்தால் மறுபாதிக்கு வரத்து நின்று எலும்பு செத்துப்போகலாம். அதனால் கட்டைப் போட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து மறுபடம்.

மே 10

உசிலம்பட்டியிலிருந்து அக்கா போன். "ஒண்ணுமில்லைங்கிற கைக்கு எதுக்குடா கட்டு? இங்க கூட்டிட்டு வா, முட்டைப்பத்துப் போட்டு மூங்கில் பத்தை வச்சுக் கட்டிருவோம்." நாட்டுக்கட்டுப் போட்டு நன்றாக நடமாடுகிறவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் படத்திலேயே பிடிபடாத முறிவைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியும் என்று நான் நம்பவில்லை. கட்டு இறுகினால் வேறு ஆபத்து. விரல் நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, நீட்டும்போது வலி தாங்கவில்லை என்றாலோ ராத்திரி ஆனாலும் வரச் சொல்லியிருக்கிறார்கள். மாவுக்கட்டுக்கும் அதே விதிதான்.

மே 17

அக்னி நட்சத்திரம். கட்டுக்குள் அரிப்பு. விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி உருவி உள்ளே விட்டுக் குடைந்துகொண்டிருந்தவனைப் பிடித்தேன். தோல் கிழிந்து உள்ளே சீழ் வைத்தால் வெளியே தெரியாது. ஃபேனுக்கு நேரே உட்கார வைத்தேன், வேறென்ன செய்ய.

மே 23

கட்டைப் பிரித்து மறுபடம். எலும்பின் நடுவே மயிரிழைக் கோடு! முறிந்த ஓரங்கள் இந்த இடைவெளியில் கொஞ்சம் கரைவதால்தான் இப்போது தெரிகிறதாம். விலகவில்லை, ஆபரேஷன் வேண்டாம். புதுக்கட்டு. இதிலும் தெரியாமல் வலி மட்டும் இருந்திருந்தால் எம்ஆர்ஐ பார்த்திருப்பார்கள்.

வரிசையில் ஆறு வயதுப் பாப்பா ஒன்று, ஊஞ்சலிலிருந்து விழுந்தது. அதற்கு மணிக்கட்டுக்கு மேலே ஆர எலும்பு (முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு) முழுதாக உடையாமல் ஒரு பக்கம் புடைத்திருக்கிறது. கழற்றி மாட்டுகிற பட்டை, மூன்று வாரம், அவ்வளவுதான். ஐந்தாறு வயது வரை ஸ்கேஃபாய்டு பெரும்பாலும் வெறும் குருத்தெலும்பு, எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது என்றார் டாக்டர்.

அக்காவுக்குப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "எங்கடா இருக்கு கோடு?" என்று பதில். வட்டம் போட்டு மறுபடி அனுப்பினேன்.

ஜூன் 10

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. இடது கையில் எழுதுகிறான். வாத்தியார்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

ஜூலை 4

கட்டுப் பிரித்தாயிற்று. அமுக்கினால் வலியில்லை, படத்திலும் எலும்பு கூடியிருக்கிறது. தோல் செதில் செதிலாக உரிகிறது, கை மெலிந்து மணிக்கட்டு மடங்க மறுக்கிறது. வெந்நீரில் வைத்து மெல்ல மடக்கி நீட்டச் சொன்னார்கள். அம்மா மறுபடி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். தோலுக்குத் தடவலாம், இழுக்கக் கூடாது என்று பேசி முடித்தோம். டாக்டர் சொல்லும்வரை பேட் இல்லை. அந்த மறுபாதிக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க அக்டோபரில் இன்னொரு படம்.