பதினான்கு குத்தியில் இரண்டரை

வெள்ளவத்தையில் ஒரு பலசரக்குக் கடையில் கல்லாவில் இருக்கிறேன். மிச்சம் எண்ணிக் கொடுக்கும்போது வித்தியாசமாகக் கண்ணில் படும் குத்திக் காசுகளை, என் காசைப் போட்டு மாற்றி எடுத்து, ஒரு பால்மாப் பேணிக்குள் சேர்த்து வைப்பேன். இரண்டு வருடத்தில் பதினான்கு சேர்ந்துவிட்டது. எரர் காசு, அதாவது அடிக்கும்போதே பிழைபட்ட காசு, இலட்சத்துக்குப் போகும் என்று வரும் வீடியோக்களை நானும் பார்த்தவன்தான். வாங்குகிற ஒருவருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். “எல்லாம் அடிபட்ட காசு” என்று ஒரே வரியில் பதில் வந்தது. எனக்குக் கோபம்.

கடைக்கு வரும் கொட்டாஞ்சேனை ஐயா ஒருவர் சிலோன் காலத்துச் சதங்களிலிருந்து சேர்க்கிறவர். அவரிடம் பேணியைக் கொண்டுபோனேன். அவர் என் காசுகளைத் தொடவே இல்லை. முதலில் அதே வகையில் நல்ல காசு ஒவ்வொன்றைத் தன் அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் அடுக்கினார். பிறகு காசு எப்படிப் பிறக்கிறது என்று சொன்னார். உலோகப் பட்டையிலிருந்து வட்டத் தட்டுகளை வெட்டுவார்கள். தட்டின் ஓரத்தை நெரித்து விளிம்பு எழுப்புவார்கள். அப்புறம் ஒரு வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழும் இரண்டு அச்சுகளால் ஒரே அடி. அவ்வளவுதான்.

“இதுக்குள்ள எந்த இடத்தில இந்தப் பிழை நடந்திருக்கும்? சொல்லும் பாப்பம்” என்றார். பதினான்கு காசுக்கும் அதே கேள்விதான்.

எட்டுக் காசு ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. எல்லாம் கீறலும் நசுங்கலும். மேசை விளக்கைச் சரித்துப் பிடித்தால் கோடு பள்ளமா மேடா என்று தெரிந்துவிடும். கீறல் பள்ளமாக இருக்கும், அதன் இரு கரையிலும் உலோகம் ஒதுங்கி நிற்கும். அச்சு வெடித்தால் கதை வேறு. அடிக்கும்போது உலோகம் அந்த வெடிப்புக்குள் புகுந்துவிடும், அதனால் காசில் கோடு மேடாக எழும்பும். ஒரு ரூபாக் குத்தி ஒன்றில் விளிம்பிலிருந்து எழுத்தைத் தாண்டி ஒரு மெல்லிய மேட்டுக் கோடு ஓடியது. நான் அதைத் தலைமயிர் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்திருந்தேன். அது அச்சு வெடிப்பேதான். ஐயா கழுவினதுக்குத்தான் ஏசினார்.

ஒன்பதாவது, விளிம்பு தடித்து, ஆள் கொஞ்சம் சிறுத்த காசு. அது ஓரத்தில் தட்டுத் தட்டென்று அடி வாங்கியது. அதில் பேச ஒன்றுமில்லை.

என் நம்பிக்கை நட்சத்திரம் ஒரு இரண்டு ரூபா. அதன் முகத்தில் இன்னொரு காசின் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தலைகீழாகப் பதிந்திருந்தன. உண்மையில் அப்படி ஒரு பிழை இருக்கிறது. அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த தட்டில் அச்சுக்குப் பதிலாக அந்தக் காசின் முகம் பதியும். ஆனால் ஒட்டிய காசு அச்சை மூடிக்கொண்டிருக்குமே, அந்தப் பக்கத்துச் சொந்த உருவம் எங்கிருந்து வரும்? என் காசில் “2” என்ற எண்ணும் இருந்தது, அதன் மேலேயே தலைகீழ் எழுத்தும் இருந்தது. திருப்பிப் பார்த்தால் மறுபக்கத்து அரச இலச்சினை அதே இடத்தில் சப்பையாகியிருந்தது. யாரோ இரண்டு காசைச் சேர்த்துக் குறட்டில் நெரித்திருக்கிறார்கள்.

அடுத்தது வெள்ளை நிற ஐந்து ரூபா. 2017-க்குப் பிறகு வந்த ஐந்து ரூபா துருப்பிடிக்காத உருக்கில் வெள்ளையாகத்தான் வருகிறது. என்னுடையது 2005. அது உருக்கின் மேல் பித்தளை முலாம் பூசி மஞ்சளாக வந்திருக்க வேண்டியது. முலாம் பூச மறந்துவிட்டார்களோ என்று நான் கனவு கண்டேன். ஐயா எடை பார்த்துவரச் சொன்னார்.

செட்டியார் தெருவில் எனக்குத் தெரிந்த ஒரு பத்தர் அண்ணை இருக்கிறார். தங்கம் நிறுக்கும் தராசில் என் ஐந்து ரூபாவை வைத்ததும் அவருக்கே சிரிப்பு. 7.7 கிராம் இருக்க வேண்டியது 7.3 காட்டியது. அவருடைய லூப்பில், அதுதான் அந்தச் சின்னப் பூதக்கண்ணாடியில், பார்த்தால் எழுத்தின் கரைகள் கரைந்து, மேற்பரப்பு முழுக்கப் புள்ளிப் புள்ளிக் குழி. “இது அசிட்டில கிடந்தது தம்பி, எங்களுக்குத் தெரியாதா” என்றார். முலாம் போனதோடு உருக்கும் கொஞ்சம் கரைந்திருக்கிறது.

அதே தராசில் இன்னொன்றையும் வைத்தேன். 1984-ஆம் ஆண்டு இரண்டு ரூபா, ஓரத்தில் பிஸ்கட்டைக் கடித்ததுபோல ஒரு வளைவு. குறட்டால் வெட்டியது என்று நானே ஒதுக்கிவைத்திருந்த காசு. 8.25 கிராமுக்கு 7.6 காட்டியது. எடை குறைந்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, வெட்டினாலும் குறையும்தானே. ஐயா கடித்த இடத்தைப் பார்க்காமல் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே விளிம்பு மங்கிப் படிந்து கிடந்தது. பட்டை போதிய அளவு நகராதபோது, வெட்டும் உளி முன்பு வெட்டிய ஓட்டையின் மேல் ஏறிவிடும். அப்படிக் குறைந்த தட்டை விளிம்பு எழுப்ப நெரிக்கும்போது, வெட்டுப்பட்ட இடத்தில் அழுத்தம் கிடைக்காது. அதனால் நேரெதிரிலும் விளிம்பு சரியாக எழும்பாது. குறட்டுக்காரன் எதிர்ப்பக்கத்தை அப்படிச் செய்யமாட்டான். கடித்த இடத்துப் பக்கத்து எழுத்துகளும் வெளிப்பக்கம் கொஞ்சம் இழுபட்டிருந்தன, அரத்தின் கோடு ஒன்றுகூட இல்லை.

மிச்சம் ஒரு பதினொரு பக்கப் பத்து ரூபா, முலாமில் கொப்புளம். காசு அடிக்கும் மின்டிலும் வரலாம், நெருப்பில் சூடேறினாலும் வரலாம் என்றார் ஐயா. அச்சு வெடிப்பும் கடிபட்டதும் இரண்டு, இது அரை.

வெள்ளை ஐந்து ரூபாவை 155 பஸ்ஸில் கொடுத்துப் பார்த்தேன். கொண்டக்டர் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “வேற தாங்க” என்றார்.