சுகர் நோட்டு

2025 ஜூன் 8, ஞாயிறு

கொழுந்தனார் மகள் கல்யாணம். பந்தியில் ஜாங்கிரித் தட்டோடு வந்த பையன் என் இலைக்குக் குனிந்ததுதான் தாமதம், எதிர் வரிசையிலிருந்து நாத்தனார், "தம்பி, அவங்களுக்கு வைக்காத, சுகரு" என்றார். மெதுவாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, பந்தி முழுக்கக் கேட்டது. இவர் வேறு "ஆமா ஆமா, வேணாம்" என்று என் இலைக்குக் குறுக்கே கையை நீட்டி மறித்தார். நானே வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், அதற்குள் ஆளாளுக்குச் சொல்லி முடித்துவிட்டார்கள். பாயச வாளி வந்தபோது யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை, அந்தப் பையனே என்னைத் தாண்டிப் போய்விட்டான்.

ராத்திரி எல்லோரும் தூங்கியபின், கல்யாண வீட்டில் கொடுத்த டப்பாவைத் திறந்து, அடுப்படியில் விளக்குப் போடாமல் நின்றபடியே மூன்று ஜாங்கிரி தின்றேன். ருசிகூடத் தெரியவில்லை.

ஜூன் 9, திங்கள்

வெறும் வயிற்றில் 214.

"எவ்வளவு?" என்றார் இவர். எங்கள் வீட்டில் காலையில் முதலில் கேட்கும் வார்த்தை அதுதான், ஐந்து வருஷமாக. 128 என்றேன். "சூப்பர்" என்றார். நோட்டிலும் 128 என்றே எழுதிவிட்டேன். ஜவுளிக்கடையில் 19 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன், ஒரு ரூபாய் இடித்தாலும் உட்கார்ந்து தேடுகிற ஆள், சொந்த நோட்டில் பொய்க்கணக்கு. இது முதல் தடவையும் இல்லை.

ஜூன் 11, புதன்

கடையின் மாச விற்பனைக் கணக்கு, அதுதான் ஜிஎஸ்டிஆர்-1, போடக் கடைசி நாள், ஒரு கட்டு சேல்ஸ் பில்லைக் காணோம். மதியம் சாப்பிட்டது இரண்டு இட்லி, கொஞ்சம் மோர். சாயங்காலம் ஐந்து மணிக்கு 231! பில் கட்டு முதலாளியின் மேசைக்கு அடியிலேயே கிடந்தது, அது வேறு கதை.

டென்ஷன் ஆனால் அட்ரினலினும் கார்ட்டிசாலும் சுரந்து, கல்லீரல் சேர்த்து வைத்திருக்கிற சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ தெம்பு வேண்டும் என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது எதற்கு? ஆனால் 231 என்று வீட்டில் சொன்னால் கேட்கப்போவது ஒரே கேள்விதான்: "என்ன தின்னே?" இன்றைக்கு என்ன நடந்தது என்று யார் கேட்பார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

அடுத்த வாரம் மூணு மாச டெஸ்ட், கடந்த மூணு மாசச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற HbA1c. ஒரு வாரம் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது என்று நன்றாகவே தெரியும், இருந்தும் காலையில் அரை இட்லியோடு நிறுத்திக்கொண்டு, மாத்திரையை மட்டும் முழுசாகப் போட்டுக்கொண்டு, தஞ்சாவூர் ஆடிட்டரைப் பார்க்க பஸ் ஏறினேன். பாபநாசம் தாண்டியதும் வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, முன் சீட்டுக் கம்பி இரண்டாகத் தெரிந்தது. மெஷின் கைப்பையில் இருந்தது. இரண்டு ஸ்ட்ரிப் வீணாகி மூன்றாவதில் 58, ரொம்பத் தாழ்வு. பக்கத்தில் இருந்த பெண் ஒரு வார்த்தை கேட்கவில்லை, தன் குழந்தை கையிலிருந்த மாம்பழ ஜூஸை வாங்கி என் கையில் திணித்தாள். கால் மணி நேரத்தில் தெளிந்தேன். இறங்கும்வரை அந்தக் குழந்தை என்னை முறைத்துக்கொண்டே வந்தது, நியாயம்தான்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் இனி தனியாக பஸ் ஏற விடமாட்டார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

புது டாக்டர். பழையவர் "இப்படியே போனா காலை எடுக்க வேண்டியதுதான்" என்றதிலிருந்து ஏழு மாசமாக எந்த டாக்டரிடமும் போகாமல் மாத்திரையை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மூணு மாச டெஸ்ட் 8.6. அப்படியென்றால் சராசரி 200 பக்கம். என் நோட்டின் சராசரி 130. இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாட்டிக்கொண்டேன் என்று தலையைக் குனிந்தால், அவர் ஒரு தாளை நீட்டினார். 20 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க். 1995-இல் அமெரிக்காவில் வில்லியம் பொலோன்ஸ்கியும் கூட இருந்தவர்களும் உண்டாக்கியதாம். சாப்பாட்டில் தவறினால் குற்ற உணர்ச்சி வருகிறதா, பின்னால் என்ன ஆகுமோ என்ற பயம் இருக்கிறதா, இந்த நோயோடு தனியாக இருப்பதுபோல் தோன்றுகிறதா... ஏழாவது கேள்வியிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூட்டினேன், 43. அதை 1.25-ஆல் பெருக்க வேண்டும், 53.75. நாற்பதைத் தொட்டாலே மனசு ரொம்பச் சுமக்கிறது என்று கணக்காம்.

இது மனச்சோர்வு நோய் இல்லை, சர்க்கரையைத் தினமும் கட்டி மேய்க்கிற வேலையில் வருகிற அலுப்பு என்றார். தூக்கம், பசி, எதிலும் பிடிப்பு எல்லாமே போய் இரண்டு வாரம் நீடித்தால் அது வேறு, அப்போது தள்ளிப்போடாமல் வரச் சொன்னார். பஸ் கதையை அவரிடம்தான் முதலில் சொன்னேன். சர்க்கரையை இறக்குகிற கிளிமிபிரைடு மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். ஒரு நாளைக்கு ஆறு தடவை விரலைக் குத்துவதையும் நிறுத்தச் சொல்லி, எந்தெந்த நேரம் மட்டும் பார்த்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தார். நோட்டைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை, பழைய பக்கங்களில் மட்டும் பெரிதாக ஒரு குறுக்குக் கோடு போட்டார்.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் 171. 171 என்றே எழுதினேன்.

"எவ்வளவு?"

"ஏங்க, இனிமே அதைக் கேக்காதீங்க. நோட்டு மேசைமேலதான் இருக்கும், வேணும்னா பாத்துக்கங்க."

ஒரு மாதிரி பார்த்தார், கோபமா இல்லையா என்று புரியவில்லை. சரி, ஆரம்பித்தாயிற்று என்று இன்னொன்றையும் சொன்னேன். அடுத்த மாசம் அவர் பெரியம்மா வீட்டில் சாந்தி கல்யாணம், எண்பதாவது. பந்தியில் என் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்றேன்.

சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நெஜமாவா சொல்ற?" என்றார்.

"நெஜமாத்தான்."