வரி கட்டினவனுக்கு ஏன் வரவில்லை?

அமெரிக்காவில் ஒரு சின்ன வரி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் பாதிவரை தலைநிமிர நேரமிருக்காது, அதன் பிறகு போன் அடங்கிவிடும். 2020-இல் அடங்கவே இல்லை. மார்ச் 27 அன்று, கொரோனா நிவாரணமாக மக்களுக்குப் பணம் தரும் கேர்ஸ் சட்டம் கையெழுத்தானது. பெரியவர்களுக்குத் தலைக்கு 1,200 டாலர், பதினேழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு 500. அன்றிலிருந்து எங்கள் போன் புகார்ப் பெட்டியாகிவிட்டது.

வரியைத் திட்டுகிறவர்களைப் பார்த்துப் பழகியவன் நான். நாலு வார்த்தை திட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அரசாங்கம் பணம் கொடுக்க ஆரம்பித்த பிறகு வந்த கோபம் அப்படித் தீரவில்லை. பக்கத்து வீட்டுக்கு வந்தது நமக்கு வரவில்லை என்றால், இந்த ஊரில் நம்மைக் குடும்பமாகவே எண்ணவில்லை என்று மனசுக்குப் பட்டுவிடுகிறது.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். கணவர் எச்-1பி வேலை விசாவில் வந்தவர். மனைவி அவரைச் சார்ந்து எச்-4 விசாவில் இருப்பவர், வேலை அனுமதி இல்லாததால் அரசாங்க அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண் கிடையாது. அந்த எண் இல்லாதவர்களுக்கு வரித்துறை தரும் ஐடின் எண்ணைப் போட்டுத்தான் இருவருக்கும் சேர்த்து ரிட்டர்ன் தாக்கல் செய்வோம். குழந்தை இங்கேயே பிறந்த அமெரிக்கக் குடிமகள். வருமானமும் வரம்புக்குள்தான். ஆனாலும் முதல் சுற்றில் அந்த வீட்டுக்கு ஒரு டாலர் வரவில்லை. தம்பதியில் ஒருவருக்கு எண் இல்லையென்றால், ராணுவத்தினர் நீங்கலாக, மொத்தக் குடும்பத்துக்கும் கிடையாது என்பது விதி. "சம்பளத்துல சோஷியல் செக்யூரிட்டிக்குன்னு 6.2 சதவீதம் பிடிக்கிறாங்களே சார், அப்ப மட்டும் நான் யாருன்னு தெரியுதா?" என்றார். என்ன பதில் சொல்வது? டிசம்பரில் இரண்டாவது சுற்றுப் பணத்தோடு வந்த அடுத்த சட்டம், எண் உள்ளவருக்கும் பிள்ளைக்கும் உண்டு என்று முன்தேதியிட்டே மாற்றியது. 2020 ரிட்டர்னின் 30-ஆவது வரியில், இரண்டு சுற்றுக்கும் சேர்த்து, 2,900 டாலர் என்று எழுதினேன். அவர் சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. "லேட்டா ஞாபகம் வந்திருக்கு" என்றார்.

வந்த பணத்தைத் தொலைத்தவர்களும் உண்டு. சிலருக்குக் காசோலைக்குப் பதிலாக டெபிட் கார்டு அனுப்பினார்கள். சாதாரண வெள்ளை உறை, அனுப்புநர் 'மணி நெட்வொர்க் கார்டுஹோல்டர் சர்வீசஸ்'. அரசாங்கக் கடிதம் என்று யாருக்குத் தோன்றும்? விளம்பரம் என்று நினைத்துக் கிழித்துப் போட்டார்கள். காசோலையாக வந்தவற்றில் அதிபர் டிரம்ப் பெயர் அச்சாகியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அரசியல் பேசினவர்களையும் கேட்டாயிற்று.

எனக்கு உண்மையிலேயே வேலை வைத்தது 2021 மார்ச்சில் வந்த மூன்றாவது சுற்றுதான். தலைக்கு 1,400. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 5,600. ஆனால் சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதியின் வருமானம் 1,50,000-ஐத் தாண்டியதும் தொகை குறையத் தொடங்கி, 1,60,000-இல் பூஜ்யமாகிவிடும். அந்தப் பத்தாயிரத்துக்குள் கூடுதலாகச் சம்பாதித்த ஒவ்வொரு டாலருக்கும் 56 சென்ட் போனது, வழக்கமான வரி தனி. 1,61,000-இல் நின்ற ஒரு கிரீன் கார்டு குடும்பம் வந்தது. மனைவி வேலைக்குப் போகவில்லை. அவர் பேரில் பாரம்பரிய ஐஆர்ஏ என்னும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் 6,000 போடச் சொன்னேன், அது வருமானத்தில் கழியும். அந்த வருடம் மே 17 வரை அவகாசம் இருந்தது. வருமானம் 1,55,000 ஆனது, பாதித் தொகையான 2,800 கைக்கு வந்தது, வரியிலும் 1,320 மிச்சம். இந்தக் கணக்கு தெரிந்தவனிடம் வந்ததால் அவர்களுக்குக் கிடைத்தது. மென்பொருளில் தானே தட்டித் தாக்கல் செய்த அதே வருமானக்காரருக்கு ஒன்றுமில்லை. கோபப்பட நியாயமான இடம் இதுதான் என்பேன், ஆனால் இதைப் பற்றிக் கோபப்பட்டு யாரும் போன் செய்யவில்லை.

ஜூலை முதல் டிசம்பர் வரை குழந்தை வரிச் சலுகையில் பாதியை மாதாமாதம் முன்கூட்டியே வங்கியில் போட்டார்கள். ஆறு வயதுக்குக் கீழே 300 வரை, அதற்கு மேல் 250 வரை. அப்போது யாரும் என்னைக் கூப்பிடவில்லை. பிப்ரவரியில் ரீஃபண்ட் குறைந்ததும் கூப்பிட்டார்கள். "குடுக்கிற மாதிரி குடுத்துட்டுப் பிடுங்கிட்டாங்களே" என்றார் ஒருவர். ஏற்கெனவே வாங்கியதுதான் கழிகிறது என்று வங்கி அறிக்கையைத் திறக்கவைத்து வரிவரியாகக் காட்டினேன். "அப்ப அடுத்த வருஷம் மாசாமாசம் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடுங்க" என்றார். அந்த ஏற்பாடே டிசம்பரோடு முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது.