கோட்டும் ருத்ராட்சமும்

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பள்ளிக்கூடங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் 18 வருஷமாக மேஜிக் செய்கிறேன். எல்லையோரம் என்பதால் ஒரே மேடையில் தமிழும் மலையாளமும் பேசவேண்டும். அது சீக்கிரம் வந்துவிட்டது. என்ன உடுத்திக்கொண்டு நிற்பது என்பதுதான் பிடிபட ரொம்ப நாளானது.

ஆரம்பத்தில் கறுப்புக் கோட்டு. பங்குனி வெயிலில் உள்ளங்கை வியர்த்துச் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காசை மறைத்தால் முன்வரிசைப் பையன், "கோட்டுக்குள்ள இருக்குது" என்பான். காசு என் விரலிடுக்கில் இருக்கும். மாதக்கணக்கில் பழக்கிய விரல். ஆனால் பேர் கோட்டுக்குப் போய்விடும்.

அப்புறம் கறுப்பு ஜிப்பா, நெற்றி நிறையக் குங்குமம், ருத்ராட்சம் என்று மாறினேன். கைதட்டல் கூடியது. ஒரு திருவிழா முடிந்து சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா வந்தார். வெற்றிலையில் 20 ரூபாய் நோட்டை மடித்து வைத்து நீட்டினார்.

"சாமி, பையன் ராத்திரியெல்லாம் தூங்காம முழிச்சுட்டே இருக்கறான். ஒரு கயிறு மந்திரிச்சுக் குடுங்க."

"நான் சாமி இல்லீங்கம்மா. இதெல்லாம் கைவித்தைங்க. பையனை டாக்டர்கிட்டக் காட்டுங்க."

நம்பவில்லை. தொழிலில் செய்யக்கூடாததைச் செய்தேன். காசை எடுத்து, எப்படி மறைகிறது என்று மெதுவாக இரண்டு தடவை காட்டினேன். அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. கழுத்து ருத்ராட்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கழற்றியதுதான்.

1845ல் பாரிஸில் தனக்கென்று அரங்கு திறந்த பிரெஞ்சு மேஜிக் கலைஞர் ராபர்ட் ஹூடின், மந்திரவாதி அங்கியை விட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த கனவான்கள் மாலையில் உடுத்தும் உடையிலேயே மேடையேறினார். அந்த ஊருக்கு அது கோட்டு. நமக்கு வேட்டி சட்டை. கோட்டை எடுத்துக்கொண்ட நான் காரணத்தை எடுத்துக்கொள்ளவில்லை. வங்காளத்து மேஜிக் கலைஞர் பி.சி. சர்க்கார் மகாராஜா உடையும் தலைப்பாகையுமாக நின்றார் என்றால், அவருடையது பெரிய அரங்கு, பெரிய குழு. நான் நிற்பது பிள்ளைகள் கைநீட்டினால் தொடும் தூரத்தில்.

இப்போது வெளிர்நீல முழுக்கைச் சட்டை, வேட்டி. வெள்ளைச் சட்டை போட்டால் வெள்ளைக் கைக்குட்டை எடுபடாது. நடக்கும்போது மடித்துக் கட்டிய வேட்டியை மேடையேறும்முன் இறக்கிவிடுவேன்; பெரியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது மட்டும் பேண்ட், வேட்டியைப் பிடிக்க ஒரு கை போய்விடும் என்பதால். வாட்ச், மோதிரம், கோயில் கயிறு எல்லாம் பெட்டிக்குள். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், எல்லோரும் பார்ப்பது கையைத்தான்.

போன மாதம் ஒரு பள்ளியில், முழங்கைவரை மடித்திருந்த என் சட்டைக் கையைப் பிரித்துப் பார்க்க ஒரு சிறுமியைக் கூப்பிட்டேன். இரண்டு கையையும் தடவி, காலரையும் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லைடா!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். அதற்கப்புறம்தான் காசை எடுத்தேன்.