இமுவை மூடிய பிறகு

நாற்பது பேர் கொண்ட ஒரு குடும்பம் சாவகாசமாக ஒரு நாளைக் கழிக்க வேண்டுமென்றால், நாலு பேராவது விடிகாலை மூன்றரைக்கு எழுந்தாக வேண்டும். ஹவாயியின் ஓவாஹு தீவில், கிழக்குக் கரை வைமானாலோ பக்கம், குடும்ப விசேஷங்களுக்குச் சமைக்கும் வேலையில் முதலில் பிடிபடுவது இதுதான். சுற்றுலா வருபவர்கள் ஒரே நாளில் ஐந்து இடம் பார்க்கத் திட்டம் போடுவார்கள். கைக்குழந்தையிலிருந்து எண்பது வயதுப் பாட்டி வரை உள்ள கூட்டத்துக்கு அது ஒத்துவராது. வண்டியில் ஏறி இறங்குவதிலேயே பொழுது போய்விடும். உள்ளூர்க் குடும்பங்கள் எங்கும் போவதில்லை. கொல்லையில் ஒரு குழி, நடந்துபோகிற தூரத்தில் கடல், அவ்வளவுதான். அந்தக் குழி அடுப்புக்கு இமு என்று பெயர்.

நாற்பது பேருக்கு நாலடி அகலம், இரண்டரை அடி ஆழம் போதும். விறகு கியாவே. நம் ஊர்ச் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய உறவு, முள்கூட அதே முள்தான். 1828இல் அலெக்சிஸ் பாஷெலோ என்ற பாதிரியார் ஹொனலுலுவில் நட்டது, இன்று தீவுகளின் வறண்ட பக்கங்களில் காடாக நிற்கிறது. நின்று எரிந்து கெட்டியான தணல் கொடுக்கும். சாயம் பூசிய பலகை, மருந்தேற்றிய மரம் எதையும் உள்ளே விடக்கூடாது. அரளிக் குச்சி ஒன்றுகூடக் கூடாது, அது விஷம்.

சூட்டைப் பிடித்துவைக்கும் கல்லில்தான் பெரும்பாலான தவறு நடக்கிறது. தேங்காய் அளவில் ஐம்பது எரிமலைக் கற்கள் வேண்டும், உடம்பெல்லாம் பொத்தல் உள்ளவையாக. ஓடையில் கிடக்கும் வழுவழுப்பான கல் பார்க்க அழகாக இருக்கும். உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் வெடித்துச் சில்லாகத் தெறிக்கும். நல்ல கல்லும் முந்தின இரவு மழையில் நனைந்திருந்தால் நம்ப முடியாது. கிழக்குக் கரையில் இரவுத் தூறல் சாதாரணம், அதனால் கல்லையும் விறகையும் தார்ப்பாய் போட்டு மூடிவைப்பது முதல் வேலை. புகை வருமென்று அக்கம்பக்கத்தில் முந்தின நாளே சொல்லிவிடுவதும் அதோடு சேர்ந்தது. பலத்த காற்றுக்கு எச்சரிக்கை விடுத்த நாளில் இமு மூட்டவே கூடாது. 2023 ஆகஸ்டில் மாவி தீவின் லஹைனா ஊர் எரிந்ததைப் பார்த்தவர்களிடம் இதை வாதாடிச் சொல்ல வேண்டியதில்லை.

தீ மூட்டி இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். கடிகாரத்தைவிடக் கல்லின் நிறத்தைப் பார்ப்பது மேல். முதலில் கரி படிந்து கறுக்கும். சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிந்துபோய், கல் சாம்பல் வெளுப்புக்கு வரும். பாதிக் கல் கறுப்பாக இருக்கும்போதே அவசரப்பட்டுக் கறியை இறக்கினால் மாலையில் நடுப்பகுதி வேகாமல் கிடக்கும். அப்போது திரும்ப மூடிப் பயனில்லை, சூடு போயிருக்கும்.

கறிக்கு எலும்போடு கூடிய பன்றித் தோள்கறி தலா 300 கிராம், ஆக 12 கிலோ. வெந்தபின் ஏறக்குறைய பாதிதான் நிற்கும். வீட்டுக்குக் கட்டிக் கொடுக்க இன்னும் 4 கிலோ சேர்ப்பதே வழக்கம். இங்கே விருந்தினரை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. மசாலா எதுவும் கிடையாது. கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகக் கல்லுப்பு, அவ்வளவே. தணலைப் பரப்பிக் கற்களைச் சமன்செய்ததும், வாழைத்தண்டை நீளவாக்கில் பிளந்து நசுக்கி மேலே பரப்ப வேண்டும். ஆவிக்கான தண்ணீர் முழுக்க அதிலிருந்துதான் வருகிறது. தண்டில் சிக்கனம் பிடித்தால் கறியின் அடி கருகும். அதன்மேல் கீ என்ற செடியின் இலைகள். ஆங்கிலத்தில் அதை டீ இலை என்பார்கள், தேயிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிறகு கறி, ஓரங்களில் சர்க்கரைவள்ளி, சீமைப்பலா. மறுபடி இலை, ஒரு மணி நேரமாவது ஊறிய சாக்குகள், தார்ப்பாய், கடைசியாக மண். சாக்கு அரைகுறையாக ஊறியிருந்தால் தீய்ந்த வாடை கறியில் ஏறும். காப்பிக் கொட்டை வந்த சாக்கு நல்லது, பூச்சிமருந்து பட்டது ஆகவே ஆகாது.

மண்ணை மூடியபின் கால்மணி நேரம் ஒருவர் குனிந்தபடி குழியைச் சுற்றிவர வேண்டும். எங்கேயாவது நூல் போல வெள்ளை ஆவி எழும். அந்த இடத்தில் ஒரு மண்வெட்டி மண். இன்னொரு சுற்று. நூல் எதுவும் எழாதபோது மணி ஏழு.

அதற்குப் பிறகு எட்டரை மணி நேரம் யாரும் எதுவும் செய்வதற்கில்லை. திறந்து பார்க்க முடியாது, உப்புச் சரியா என்று கிளற முடியாது. நாள் சாவகாசமாவது இந்த இடத்தில்தான். மணிக்கு மணி கவனிப்புக் கேட்கும் சமையலை வைத்தால், பெண்கள் நாலு பேராவது கடலைப் பார்க்காமலே வீடு திரும்புவார்கள். எங்கள் பார்வையில் அது தோற்ற நாள்.

கடலுக்குக் காலை பத்துக்குள் போய்விடுவது நல்லது, பிற்பகலில் வடகிழக்குக் காற்று பலமாகிவிடும். அந்தக் காற்றே நீலக் குமிழ் போன்ற கொட்டும் உயிரியைக் கரையில் ஒதுக்கும். காய்ந்து கிடந்தாலும் அது கொட்டும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொல்ல வேண்டும். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த வெயில் களிம்புகளை 2021 முதல் இங்கே கடையில் விற்கக்கூடாது, பவளத்துக்குக் கேடு என்பதால். ஊரிலிருந்து கொண்டுவருபவர்கள் குப்பியைப் பார்த்து வாங்கட்டும்.

மூத்தவர்களுக்கு நிழலும், குழிக்குக் காற்று வரும் பக்கமாக இருக்கையும் போதும். புகை அவர்கள் மேல் படாது; குழியும் கண்ணில் இருக்கும். அவர்கள் மடியில்தான் 'போய்' கரைக்கும் வேலை வந்து சேரும். 'போய்' என்பது வேகவைத்து இடித்த சேப்பங்கிழங்குக் கூழ். கிழங்கு சரியாக வேகாவிட்டால் நாக்கு அரிக்கும் என்பதை நமக்குச் சொல்லத் தேவையில்லை. ஹவாயி மக்கள் சேம்பைத் தங்கள் மூத்த அண்ணனாக எண்ணுகிறார்கள். குடும்பத்தைக் குறிக்கும் ஓஹானா என்ற சொல்லே தாய்க்கிழங்கிலிருந்து பிரியும் பக்கக் கிழங்கின் பெயரிலிருந்து வந்தது. நாம் வாழையடி வாழை என்கிறோம், அவர்களுக்குச் சேம்பு. போய்ப் பாத்திரம் திறந்திருக்கும்போது சண்டை கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. நாற்பது பேர் கூடும் வீட்டில் அது எவ்வளவு உபயோகமான கட்டுப்பாடு என்பது பரிமாறுகிறவர்களுக்குத் தெரியும்.

இப்படி எல்லோரும் ஒன்றாக உண்பது எப்போதும் இருந்ததல்ல. 1819 வரை ஆண்களுக்கு ஒரு இமு, பெண்களுக்கு வேறு இமு. பன்றியும் தேங்காயும் பெண்களுக்கு விலக்கு. மன்னர் முதலாம் கமேஹாமேஹா இறந்த அந்த ஆண்டில், அவர் மகன் லிஹோலிஹோ பெண்கள் பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். கட்டு உடைந்தது.

பிற்பகல் மூன்றரை மணிக்குத் திறப்பு. முதலில் மண்ணை முழுக்க வழித்து ஒதுக்க வேண்டும். பிறகு தார்ப்பாயை ஒரு பக்கமிருந்து சுருட்ட வேண்டும். தூக்கினால் மண் கறியில் கொட்டும், அன்றைய உழைப்பே பாழ். உலர்ந்த தோல் கையுறை அவசியம். ஈரக் கையுறையில் சூடு பட்டால் ஈரம் ஆவியாகிக் கையை வேகவைத்துவிடும். எலும்பைப் பிடித்து லேசாகத் திருகினால் தனியே கழன்று வர வேண்டும். வந்துவிட்டால் பெரிய தட்டில் உதிர்த்து, அடியில் தேங்கிய சாற்றைத் தெளித்துப் பரிமாறலாம்.

அன்றே குழியை நிரப்பக் கூடாது. கற்கள் மறுநாள் வரை சுடும், பிள்ளைகள் ஓடும் இடமென்பதால் சுற்றிலும் பெஞ்சுகளை நிறுத்திவைக்க வேண்டும். காலையில் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்து, விரிசல் விட்டவற்றை ஒதுக்கி, மிச்சத்தைத் தாழ்வாரத்துக்குள் அடுக்கினால் அடுத்த விசேஷத்துக்கு ஆகும்.