'டாமி': பக்கம் பக்கமாக ஒரு நாட்குறிப்பு

2025 மே 4, ஞாயிறு

பிரிட்டிஷ் ராக் குழுவான தி ஹூவின் 'டாமி' 1969 மே மாதம் வந்தது. டாமி என்ற சிறுவனின் கதையைப் பாடல்களாலேயே சொல்லும் ஆல்பம். இரண்டு இசைத்தட்டுகள், நான்கு பக்கங்கள், 24 பாடல்கள், ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். கேட்கத் தொடங்குமுன் தட்டைக் கையில் எடுத்துப் பக்க எண்ணைப் பாருங்கள். பழைய பிரதிகள் பலவற்றில் முதல் தட்டின் முதுகில் இரண்டாம் பக்கம் இருக்காது, நான்காம் பக்கம் இருக்கும். இரண்டாவது தட்டில் இரண்டும் மூன்றும் இருக்கும். அச்சகம் செய்த பிழை அல்ல இது. அந்தக் காலத்து ரெக்கார்டு சேஞ்சரில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பார்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே விழும். 1, 2 ஓடி முடிந்ததும் அடுக்கை அப்படியே தூக்கித் திருப்பிப் போட்டால் 3, 4 வரும். அந்த வசதிக்காகத்தான் இப்படி அச்சிட்டார்கள்.

சாதாரண டர்ன்டேபிளில் பழக்க தோஷத்தில் தட்டைத் திருப்பிப் போட்டால் சிறுவன் பிறந்து, கண்ணாடியைப் பார்த்து உறைந்துபோன கையோடு, அவனுடைய பக்தர்கள் அவனை உதறித் தள்ளும் கடைசிக் காட்சி வந்துவிடும். தட்டிலிருந்து கணினிக்கு மாற்றுகிறவர்களும் இதே இடத்தில் இடறுகிறார்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது லேபிளில் உள்ள பக்க எண்ணை மட்டும் நம்புங்கள்.

கைபேசியில் கேட்பவர்களுக்கு மூன்று வேலை. ஷஃபிளை அணையுங்கள். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடை சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதியில் 'ஆல்பம்' என்ற தேர்வு இருந்தால் அதை வையுங்கள். பாட்டுக்குப் பாட்டு சமப்படுத்தினால் அரை நிமிடத் துணுக்குகள் பெரிய பாடல்களுக்கு நிகராக உரக்கக் கத்தும். இந்த ஆல்பத்தின் மேடு பள்ளம் எல்லாம் அதில் தட்டையாகிவிடும்.

மே 5, திங்கள்

முதல் பக்கம், 'ஓவர்ச்சர்'. ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். வாய்ப்பாட்டு அநேகமாக இல்லை என்பதால் பலர் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். ஆல்பம் மொத்தத்துக்கும் விதை தூவப்படும் இடம் இதுதான். '1921', 'பின்பால் விசார்ட்', 'கோ டு தி மிரர்', கடைசிப் பாடலான 'வீ ஆர் நாட் கானா டேக் இட்' எல்லாம் இங்கே முகம் காட்டிவிட்டுப் போகின்றன. கூத்தில் கட்டியங்காரன் முன்னால் வந்து யார் யார் வரப்போகிறார்கள் என்று சொல்வானே, அந்த வேலையை இங்கே கிட்டாரும் ஃப்ரெஞ்ச் ஹார்னும் செய்கின்றன.

ஹார்ன் ஊதுவது பேஸ் கிட்டார்காரர் ஜான் என்ட்விசில். ஆர்கன், பியானோ கிட்டார்காரர் பீட் டவுன்ஷெண்ட், பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவரும் அவரே. லண்டன் ஐபிசி ஸ்டுடியோவில் எட்டுத் தட ரெக்கார்டரில், 1968 செப்டம்பரில் தொடங்கி 1969 மார்ச் வரை பதிவு நடந்தது. தயாரிப்பாளர் கிட் லாம்பர்ட் ஆர்கெஸ்ட்ரா வேண்டும் என்றார். டவுன்ஷெண்ட் இணங்கவில்லை. மேடையில் நாலு பேர் நின்று வாசிக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஆல்பத்தின் ஆயுள் அந்த ஒரு முடிவில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன். தடங்களை அடைத்து நிரப்பாமல் விட்டதால் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியாகப் பின்தொடர முடிகிறது. ஐம்பத்தாறு வருடம் கழித்தும் காற்றோட்டமாக இருக்கிறது.

இன்றைக்கு ஒரு பயிற்சி. டாமி தன்னைப் பார்க்கச் சொல்லி, தொடச் சொல்லிக் கெஞ்சும் அந்தச் சின்ன மெட்டை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இரண்டாம் பக்கத்தில் 'கிறிஸ்மஸ்' பாட்டின் நடுவே, மூன்றாம் பக்கத்தில் 'கோ டு தி மிரர்' நடுவே, நான்காம் பக்கத்தின் முடிவில் என்று மூன்று இடத்தில் அது குரலாக வரும். வரும்போதெல்லாம் சுற்றியிருக்கும் ஆரவாரம் நின்றுபோகும். வீட்டில் உள்ளவர்கள் அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள், அவன் காதுக்கு எதுவும் எட்டாது, உள்ளே இந்த ஒரு மெட்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இதை விளக்க ஒரு வசனமும் இல்லை.

மே 7, புதன்

கதை. கேப்டன் வாக்கர் போரில் காணாமல் போகிறார். மனைவிக்கு ஆண் குழந்தை பிறக்கிறது. 1921இல் அவர் திரும்பி வரும்போது அவள் வேறொருவனோடு இருக்கிறாள். கொலை நடக்கிறது. குழந்தை அதைக் கண்ணாடியில் பார்க்கிறான். நீ பார்க்கவில்லை, கேட்கவில்லை, யாரிடமும் சொல்லக் கூடாது என்று பெற்றோர் அழுத்திச் சொல்கிறார்கள். பையன் அதற்கு முழுக்கக் கீழ்ப்படிந்துவிடுகிறான். பார்வை, கேள்வி, பேச்சு மூன்றும் அடைபட்டுப் போகின்றன.

பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தேடிப் பாருங்கள், கொலை நடந்தது என்று நேராகச் சொல்லும் வரி அகப்படாது. நீ பார்க்கவில்லை, கேட்கவில்லை என்ற அந்த அதட்டலிலிருந்து என்ன நடந்தது என்று நாம்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்குக் கிடைத்த தகவல்தான் நமக்கும் கிடைக்கிறது. கதை புரியவில்லை என்று முதல் முறை கேட்பவர்கள் குறைப்படுவது இந்த இடத்தில்தான். லாம்பர்டும் அந்தச் சிரமத்தை உணர்ந்து கதையை ஒழுங்குபடுத்த ஒரு திரைக்கதை எழுதினார். ஆனால் இந்த ஓட்டைகள்தான் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்தன.

'1921' என்ற பாட்டின் தலைப்பில் உள்ள அந்த எண்ணுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1975இல் வந்த கென் ரஸ்ஸல் படத்தில் கதை இரண்டாம் உலகப் போருக்கு நகர, 1921 என்பது 1951 ஆனது. அங்கே சாவது கணவன், கொல்வது காதலன். 1993 பிராட்வே நாடகத்தில் அதே பாட்டு 'ட்வென்டி ஒன்' ஆனது, ஆண்டுக் கணக்கு வயதுக் கணக்காயிற்று. மெட்டு மாறவே இல்லை.

மே 8, வியாழன்

அட்டை. மைக் மெக்கின்னர்னி வரைந்தது, மூன்று மடிப்பாக விரியும். கறுப்பு வெளியில் வலைப்பின்னல் போல ஒரு கோளம், இடைவெளிகளில் மேகமும் பறவையும். இடைவெளிகளில் குழுவினரின் முகங்களும் தெரியும். அவை கம்பெனி வற்புறுத்திச் சேர்த்தவை. இல்லாமல் இருந்தால் படம் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

உள்ளே பெயர்ப் பட்டியலில் 'அவதார்: மெஹர் பாபா' என்று ஒரு வரி உண்டு. டவுன்ஷெண்டுக்கு மெஹர் பாபாவை அறிமுகப்படுத்தியவரே மெக்கின்னர்னிதான். மகாராஷ்டிரத்து அகமதுநகர்ப் பக்கம் ஆசிரமம் வைத்திருந்த மெஹர் பாபா 1925 ஜூலை 10 அன்று மௌனம் பூண்டார். முதலில் எழுத்துப் பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டியும், பிறகு அதையும் விட்டுவிட்டுக் கைச்சாடையாலும் பேசினார். 1969 ஜனவரி 31 அன்று மௌனம் கலைக்காமலே மறைந்தார். ஆல்பத்தின் பதிவு அப்போது நடந்துகொண்டிருந்தது.

மௌன விரதம் என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாய் மூடியிருப்பவர் உள்ளே வெறுமையாக இருக்கிறார் என்று நாம் நினைப்பதில்லை. 'அமேசிங் ஜர்னி' பாட்டை அந்தக் காதோடு கேளுங்கள். வெளியே புலன்கள் அடைபட்டிருக்க, உள்ளே அந்தச் சிறுவன் நெடும்பயணம் போய்க்கொண்டிருக்கிறான். கதை முழுவதும் இந்தப் பாட்டிலிருந்து முளைத்ததுதான். தொடர்ந்து வரும் 'ஸ்பார்க்ஸ்' வாய்ப்பாட்டில்லாத பகுதி. அதன் கரு இதே குழுவின் 1967 ஆல்பத்தில் இருந்த 'ரயேல்' என்ற பாட்டிலிருந்து எடுத்தது. இரண்டாம் பக்கத்தில் பத்து நிமிடம் ஓடும் 'அண்டர்ச்சர்' அதே கருவின் நீட்சி. ஒரே மூச்சில் பத்து நிமிடம் கேட்க முடியாதவர்கள் கீத் மூனின் ட்ரம்ஸை மட்டும் பின்தொடருங்கள், நேரம் போவது தெரியாது.

மே 10, சனி

'பின்பால் விசார்ட்'. நிக் கோன் என்ற பத்திரிகையாளர் முன்கூட்டிக் கேட்டுவிட்டு அவ்வளவு உற்சாகம் காட்டவில்லை. அவருக்குப் பின்பால் விளையாட்டில் (சாய்வான மேசையில் உருளும் குண்டை விசைகளால் தட்டி ஆடும் இயந்திர விளையாட்டு) பைத்தியம். டவுன்ஷெண்ட் நாயகனைப் பின்பால் வீரனாக்கி இந்தப் பாட்டை எழுதினார். ஆல்பத்துக்கு முன்பே 1969 மார்ச்சில் தனித் தட்டாக வந்து பிரிட்டனில் 4ஆம் இடம் வரை போனது. இது மட்டும் இல்லாவிட்டால் 'டாமி' கனமான ஆன்மிக உரையாகவே நின்றிருக்கும். கைவிரலில் அதிர்வை உணர்ந்து ஆடும் சிறுவன் வந்ததும்தான் கதைக்கு உடம்பு கிடைத்தது.

வாசிக்க விரும்புபவர்களுக்கு. அகௌஸ்டிக் கிட்டார், சாதாரண சுருதி, கேப்போ வேண்டாம். சரணம் நாலு கார்டுதான்: பி, ஏ, ஜி, எஃப் ஷார்ப். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதனதன் சஸ் 4 (கார்டின் மூன்றாம் சுரத்துக்குப் பதில் நான்காம் சுரம்) வரும், அது மேஜரில் வந்து அடங்கும். ஈ கார்டின் வடிவத்தை பாரே பிடியாக (ஒரே விரலால் எல்லாத் தந்தியையும் அழுத்தும் பிடி) 7, 5, 3, 2 என்ற ஃப்ரெட்களுக்கு இறக்கிக்கொண்டே போனால் நாலும் வந்துவிடும்.

விரல்: 7ஆம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல் ஆறு தந்தியையும் அழுத்தட்டும். மோதிர விரலைச் சற்றுப் படுக்கவைத்து 9ஆம் ஃப்ரெட்டில் ஐந்தாம், நான்காம் தந்தி இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். நடுவிரல் மூன்றாம் தந்தியில் 8ஆம் ஃப்ரெட். இப்போது சுண்டுவிரல் சும்மா இருக்கிறது அல்லவா? அதை மூன்றாம் தந்தியில் 9ஆம் ஃப்ரெட்டில் வைத்தால் சஸ் 4, எடுத்தால் மேஜர். மற்ற விரல் எதையும் அசைக்க வேண்டாம். வழக்கமான பாரே பிடியில் சுண்டுவிரல் நான்காம் தந்தியில் மாட்டிக்கொள்ளும். பலர் திணறுவது இதனால்தான்.

அடுத்த சிக்கல் வலது கை. பிக் மேலும் கீழும் நிற்காமல் ஓட வேண்டும், அழுத்தம் மட்டும் சில அடிகளில் விழ வேண்டும். எல்லா அடியும் ஒரே பலத்தில் விழுந்தால் மழைச் சத்தம் மாதிரி இரைச்சல்தான் மிஞ்சும். முழங்கையை ஆட்டினால் முதல் சரணத்திலேயே தோள் வலிக்கும். மணிக்கட்டு மட்டும் ஆடட்டும், பிக்கின் நுனி விரலுக்கு வெளியே கொஞ்சமாகத் தெரியட்டும். பாதி வேகத்தில் நாலு கார்டையும் பத்துச் சுற்று பிசகாமல் வாசிக்க வந்த பிறகு வேகம் கூட்டுங்கள். இன்னொன்று, சுண்டுவிரல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டால் சஸ் 4 சுருதி ஏறிக் கரகரக்கும். நேர் கீழே அழுத்துங்கள்.

கடைசிச் சரணத்தில் சுருதி பி-யிலிருந்து டி-க்கு ஏறுகிறது. அதே பிடி 10, 8, 6, 5 ஃப்ரெட்களில். கை சோர்ந்திருக்கும் நேரத்தில் அந்த ஏற்றம் வருவதால் ஆரம்பத்திலேயே முழு பலத்தையும் கொட்டிவிடாதீர்கள்.

மே 11, ஞாயிறு

'மிரக்கிள் க்யூர்' சில நொடி. 'டூ யூ திங்க் இட்ஸ் ஆல்ரைட்', 'தேர்ஸ் எ டாக்டர்' இரண்டும் அரை நிமிடத்துக்குள். தனியாகக் கேட்டால் ஒன்றுமில்லை, எடுத்துவிட்டால் பக்கத்துப் பாட்டு ஆடிப்போகும். சட்டையின் காஜா மாதிரி.

மே 13, செவ்வாய்

இரண்டு பாடல்களை என்ட்விசில் எழுதினார்: 'கசின் கெவின்', 'ஃபிடில் அபவுட்'. ஒன்றில் உறவுக்காரப் பையன் டாமியைச் சித்திரவதை செய்கிறான், இன்னொன்றில் மாமா அவனைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்குகிறார். இந்த இரண்டையும் தன்னால் எழுத முடியாது என்று டவுன்ஷெண்ட்தான் அவரைக் கேட்டுக்கொண்டார். 'கசின் கெவின்' மெட்டு ஏறி இறங்கும் விதம் குழந்தைப் பாட்டு போலவே இருக்கும். அதனாலேயே மனம் பதைக்கிறது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஆல்பத்தை ஓடவிடுவதற்கு முன் இவை எங்கே வருகின்றன என்று தெரிந்து வைத்திருங்கள்: இரண்டாம் பக்கத்தில் இரண்டாவது, மூன்றாம் பக்கத்தில் இரண்டாவது.

'ஐம் ஃப்ரீ' வாசிக்கும் குழுக்கள் தடுமாறுவது முதல் இரண்டு வினாடியில்தான். கிட்டார் வாசகம் தாளத்தின் அடியில் விழாமல் அடிக்கு இடையில் தொடங்குகிறது. ட்ரம்ஸ்காரர் அதையே முதல் அடி என்று எடுத்துக்கொண்டால் பாட்டு முழுவதும் அரை அடி தள்ளி நிற்கும். கீத் மூனுக்கே இது பிடிபடாமல், மேடையில் டவுன்ஷெண்டும் என்ட்விசிலும் உடம்பை அசைத்து அவருக்கு ஜாடை காட்ட வேண்டியிருந்தது. உங்களுக்கு வழி: கிட்டாரை நிறுத்திவிட்டு எல்லோரும் காலால் நாலு எண்ணுங்கள். கால் தரையில் படும் இடம்தான் அடி, கிட்டார் எங்கே விழுந்தாலும் சரி. கால் மாறாமல் இருந்தால் மற்றது தானே பொருந்தும்.

மே 15, வியாழன்

1972இல் லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவோடு ஒரு பதிப்பு வந்தது. லாம்பர்ட் முதலில் கேட்டதுதான் அது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் முதல் ஆல்பம் காலியாக விட்ட இடமெல்லாம் நிரம்பிவிட்டதால் கேட்பவனுக்குச் செய்ய வேலை இல்லை. 1975 படத்தில் பாடகர்கள் எல்டன் ஜானும் டினா டர்னரும் அவரவர் பாட்டைத் தங்கள் கைக்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

என் மனதுக்கு மிக நெருங்கியது 1970 பிப்ரவரி 14 லீட்ஸ் பல்கலைக்கழக நிகழ்ச்சி. அன்று 'கசின் கெவின்', 'அண்டர்ச்சர்', 'சென்சேஷன்', 'வெல்கம்' நான்கையும் விட்டுவிட்டு மீதி இருபதை வாசித்தார்கள். ஹார்ன் இல்லை, ஆர்கன் இல்லை, ஒரே ஒரு கிட்டார். பல வருடம் கழித்து 2001 பதிப்பில்தான் அந்தப் பகுதி முழுதாக வெளிவந்தது. 'ஸ்பார்க்ஸ்' இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஸ்டுடியோவில் மெல்ல மின்னுவது இங்கே இடியாக இறங்கும்.

மே 17, சனி

நான்காம் பக்கத்தின் முடிவு. குணமான டாமியைச் சுற்றிக் கூட்டம் சேர்கிறது. தான் பட்டதையே அவர்களும் படட்டும் என்று அவன் கண்ணையும் காதையும் வாயையும் அடைக்கச் சொல்கிறான். கூட்டம் கொதித்துப்போய் அவனை உதறுகிறது. உடனே அந்தக் கெஞ்சும் மெட்டு, பிறகு அதைத் தொடரும் பெரிய கோஷ்டிப் பாட்டு. அந்தக் கோஷ்டிப் பாட்டு மூன்றாம் பக்கத்தில், மருத்துவர் எதிரே டாமி கண்ணாடியைப் பார்த்து நிற்கும்போது ஒருமுறை வந்தது. அப்போது அது அவன் உள்ளே மட்டும் ஒலித்தது. இப்போது யார் பாடுகிறார்கள்? டாமியா, போன கூட்டமா? யாரைப் பார்த்து? ஆல்பத்தில் பதில் இல்லை. பாட்டு முடிவதுகூட இல்லை, ஒலி குறைந்துகொண்டே போகிறது.

அந்த இடத்தில் ஒலியைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். கடைசிச் சுற்றிலும் மூன் ஒரு அடிகூடத் தளரவில்லை, வாசித்துக்கொண்டே தூரத்துக்குப் போகிறார்.