பேலிஹேல் ஷாம்ராக்ஸ்: மூன்று ஊர், ஒரு பச்சைச் சட்டை

அயர்லாந்தின் கில்கென்னி கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போல), தென்பக்கமாக பேலிஹேல், நாக்டோஃபர், நாக்மாய்லன் என்று அக்கம்பக்கத்தில் மூன்று சிற்றூர்கள். 1972ல் இந்த மூன்று ஊரின் ஹர்லிங் (மட்டையால் பந்தை அடித்து கோல் போடும் அயர்லாந்து ஆட்டம்) ஆட்டக்காரர்களும் சேர்ந்து ஒரே கிளப் ஆனார்கள். அதுதான் பேலிஹேல் ஷாம்ராக்ஸ். அகில அயர்லாந்து கிளப் கோப்பையை 9 முறை வென்ற ஒரே கிளப். அடுத்த இடத்தில் இருக்கும் பிர், போர்ட்டும்னா இரண்டுக்கும் தலா 4தான்.

ஏன் சேர வேண்டும்? ஹர்லிங்கில் ஒரு அணிக்கு 15 பேர். வெளியே மாற்று ஆட்களும் வேண்டும். கில்கென்னியில் பங்கு விதி உண்டு: எந்தப் பங்குக் கோயிலின் எல்லைக்குள் வசிக்கிறாயோ, அந்தப் பங்கின் கிளப்புக்குத்தான் ஆட முடியும். ஆட்டக்காரருக்குச் சம்பளம் கிடையாது, பணம் கொடுத்து வெளியாளை இறக்கவும் வழியில்லை. ஒரு தலைமுறையில் நல்ல கோல்கீப்பர் பிறக்கவில்லை என்றால் இல்லைதான். ஒரு ஊர் தனியாக நின்றால் ஏழெட்டுத் திறமைசாலிகள் தேறுவார்கள். மிச்ச இடங்களை ஒப்புக்கு நிரப்ப வேண்டிவரும். சேர்ந்தால் அந்த ஓட்டை அடைபடும். ஹர்லிங் கிளப் வரலாற்றில் பாதி இந்தக் கணக்குதான் என்பேன்.

பலன் சீக்கிரமே வந்தது. 1978ல் முதல் கில்கென்னி சீனியர் பட்டம், அதாவது கவுண்டிக்குள் முதலிடம். அடுத்த ஆண்டு அகில அயர்லாந்து கிளப் இறுதியில் கார்க்கின் பிளாக்ராக்கிடம் தோல்வி. 1981ல் செயின்ட் ஃபின்பார்ஸை வீழ்த்தி முதல் கோப்பை. அந்த அணியில் ஃபெனெலி குடும்பத்துச் சகோதரர்கள் 7 பேர் ஆடினார்கள். கிட்டத்தட்ட பாதி அணி ஒரே வீட்டுப் பிள்ளைகள்! 1984, 1990 கோப்பைகளும் அந்தக் காலத்து அறுவடைதான்.

வெளியூர்க்காரர்கள் பலரும் கவனிக்காத ஒன்று இங்கே உண்டு. கில்கென்னியில் வெகுகாலம், கவுண்டி பட்டம் வென்ற கிளப்தான் மறு ஆண்டு கவுண்டி அணியின் கேப்டனைச் சொல்லிவந்தது. 1978ல் ஷாம்ராக்ஸ் வென்றது, 1979ல் கில்கென்னிக்காக, கவுண்டிகளுக்கு இடையிலான அகில அயர்லாந்து கோப்பையைத் தூக்கியவர் ஜெர் ஃபெனெலி. 1982ல் வென்றது, 1983ல் லியாம் ஃபெனெலி. 1991ல் வென்றது, 1992ல் மறுபடி லியாம். அதே வரிசையில் 2007ல் ஹென்றி ஷெஃப்லின், 2009ல் மைக்கேல் ஃபெனெலி, 2015ல் ஜோயி ஹோல்டன். கேப்டன் பட்டியலை மட்டும் வைத்தே இந்தக் கிளப் எப்போது உச்சத்தில் இருந்தது என்று சொல்லிவிடலாம்.

அதே பட்டியல் வறட்சியையும் காட்டும். 1991க்குப் பிறகு 2006 வரை, 15 ஆண்டுகள் கவுண்டி பட்டமே இல்லை. ஒரு தலைமுறை ஓய்ந்து அடுத்தது தேற அவ்வளவு காலம் பிடித்தது. பங்கு விதியின் விலை அது. குறுக்கு வழி கிடையாது. பிறகு வந்தது ஷெஃப்லின் தலைமுறை: 2007, 2010, 2015 கிளப் கோப்பைகள். கில்கென்னிக்காக 10 அகில அயர்லாந்து பதக்கம் வாங்கிய ஷெஃப்லின், 2015 மார்ச்சில் கிளப் இறுதியை வென்ற சில நாளிலேயே கவுண்டி ஆட்டத்திலிருந்து விலகினார். அப்புறம் பயிற்சியாளராக வந்து 2019, 2020 கோப்பைகளையும் கொண்டுவந்தார்.

2022 ஆண்டை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஹர்லிங்கில் பந்து இரு கோல் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் 1 புள்ளி, கீழே வலைக்குள் போனால் ஒரு கோல், அதாவது 3 புள்ளி. கிளப் அரையிறுதியில் செயின்ட் தாமஸுக்கு எதிராகக் கடைசி நொடியில் கிடைத்த ஃப்ரீயை (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் அடி) ஷாம்ராக்ஸின் டி.ஜே. ரீட் நேராக வலைக்குள் அடித்தார். ஃப்ரீயில் பந்தைக் கையால் தொடக்கூடாது. மட்டையின் அகன்ற நுனியைப் புல்லோடு படுக்கவைத்து, பந்துக்கு அடியில் நுழைத்துத் தூக்கி, அது விழுவதற்குள் வீச வேண்டும். முதல் முயற்சியில் பந்து எழவில்லையா, தாமதிக்காமல் தரையிலேயே அடித்தாக வேண்டும். குளிர்கால ஈரப் புல்லில் பந்து உடம்பை விட்டு விலகி எழுவதுதான் வழக்கமான பிழை. அப்போது முழு வீச்சு கிடைக்காது. கோல் கோட்டில் எதிரணி திரண்டு நிற்கும்போது இதைப் பிசகாமல் செய்தார் ரீட்.

அடுத்த மாதம் இறுதி, எதிரே வாட்டர்ஃபோர்டின் பேலிகன்னர். ஷாம்ராக்ஸ் 1-19 (1 கோல், 19 புள்ளி), பேலிகன்னர் 1-17. அதாவது 22க்கு 20. ஆட்டம் முடியும் தறுவாயில் பேலிகன்னரின் ஹாரி ரடில் ஒரு கோல் அடித்தார். 2-17, 23 ஆனது. ஒரே புள்ளியில் கோப்பை போயிற்று. இரண்டு புள்ளி முன்னிலை முன்னிலையே அல்ல, ஒரே அடியில் கவிழும். அதனால் மூன்றாவது புள்ளிக்காகக் கடைசிவரை தாக்க வேண்டும் என்பது என் கருத்து.

2023 ஜனவரியில் ஷாம்ராக்ஸ் இறுதி ஆட்டம் நடக்கும் டப்ளின் மைதானமான குரோக் பார்க்குக்குத் திரும்பி, டன்லாய் கிளப்பை வென்று ஒன்பதாவது கோப்பையைப் பேலிஹேலுக்குக் கொண்டுபோனது.